பூப்பாத்திக்கு ஓரம் கட்ட எது நிற்கும்? பிளாஸ்டிக் ரோல், கடப்பா பட்டை, சாய்வுச் செங்கல்: ஒரு மதிப்பீடு

காட்டுக்குப் பொழி (எல்லை வரப்பு) எப்படியோ, பூப்பாத்திக்கு ஓரம் அப்படி. பொழி கலைந்தால் எது யார் மண் என்று தெரியாமல் போகும். ஓரம் கலைந்தால் புல்தரையின் அருகம்புல் ரோஜாத் தூருக்குள் நுழைந்துவிடும், பாத்தி மண் கரைந்து புல்மேல் படியும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டு முன்னால் புல்தரை போடுவது கூடக் கூட, 'கார்டன் எட்ஜிங்' என்ற பெயரில் நர்சரிகளிலும் ஆன்லைனிலும் ஏகப்பட்ட சாமான் வந்துவிட்டது. நம் பக்கம் அதிகம் வாங்கப்படும் மூன்றையும், ஓரம் வெட்டும் அரைவட்ட எட்ஜரையும் செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் தனித்தனியாக இங்கே எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செம்மண்ணிலும் சரளையிலும் கடப்பா பட்டைக்கு ஈடு இல்லை. கரிசலில் கருப்பு பிளாஸ்டிக் ரோல்தான் நிற்கும். சாய்த்து நட்ட செங்கல் கண்ணுக்குக் குளிர்ச்சி, புல்லுக்குத் திறந்த வாசல்.

எதை வாங்கினாலும் அது எத்தனை அங்குலம் மண்ணுக்குள் இறங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். அருகு இரண்டு வழியில் நடக்கும்: மேலே கொடியாக ஓடும், கீழே வேர்த்தண்டாக ஊரும். கீழே ஊருவதில் பெரும்பகுதி மேல் 4 முதல் 6 அங்குல மண்ணுக்குள்தான் இருக்கும். அதனால் தரைக்குக் கீழே 4 அங்குலத்துக்குக் குறைவாக இறங்கும் எந்த ஓரமும் ஒரு மழைக்காலத்தில் தோற்றுவிடும். கடையில் அழகாகத் தெரியும் குத்துவேலி மாதிரிச் சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகள் 2 அங்குலம்கூட இறங்காது. அவை இந்த மதிப்பீட்டிலேயே இல்லை.

பிளாஸ்டிக் ரோல்

இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று மெல்லிசாக, அலை அலையாக, மேல் விளிம்பில் ஒன்றும் இல்லாமல் வருவது. அதை வாங்கவே வேண்டாம், வெயிலில் இரண்டு கோடை தாண்டாது. இன்னொன்று 5 அங்குல உயரம், மேலே விரல் பருமனுக்கு ஒரு குழல், அடியில் வெளியே நீட்டிய ஒரு உதடு. இந்த உதட்டில்தான் வேலையே இருக்கிறது. அதன்மேல் மண் அமர்ந்தால்தான் ரோல் மேலே கிளம்பாது. உதடு இல்லாத ரோல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கொஞ்ச நாளில் எழுந்து நிற்கும்.

வாங்கும்போது ஒரு மூலையை மடித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது தூள் கலப்பு அதிகமுள்ள மறுசுழற்சிச் சரக்கு, ஆணி அடிக்கும்போதே பிளக்கும். நிறம் கருப்பாகவே இருக்கட்டும். தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் கருப்பாக வருவதற்கு என்ன காரணமோ அதுவேதான் இங்கேயும்: அதில் கலந்த கரித்தூள் வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும். பச்சை ரோல் புல்லோடு சேர்ந்து மறைந்துவிடும் என்று விற்பார்கள். வெளுத்துப் போன பச்சை, புல்லுக்கு நடுவே இன்னும் துருத்திக்கொண்டு தெரியும்.

பதிக்கும் முறையில்தான் பெரும்பாலானவை கெடுகின்றன. சுருளாக வந்த ரோலைக் காலை வேளையில் விரித்து அப்படியே புதைத்தால், மத்தியானம் அது பாம்பு போல நெளியும். 10 மீட்டர் பிளாஸ்டிக், 25 டிகிரி சூடு ஏறினால் சுமார் 4 சென்டிமீட்டர் நீளும். அந்த 4 சென்டிமீட்டருக்கு இடம் இல்லாவிட்டால் பக்கவாட்டில்தான் துருத்த வேண்டும். ஆகவே முந்தின நாளே சுருளை அவிழ்த்து, மேலே நாலு கல் வைத்து வெயிலில் போடுங்கள். புதைப்பது நல்ல வெயில் நேரத்தில் இருக்கட்டும். நீண்ட நிலையில் புதைத்ததற்குப் பிறகு நெளிய வழியில்லை.

அடுத்து வாய்க்கால். புல்தரைப் பக்கச் சுவர் சுவர் மாதிரியே செங்குத்தாக, பாத்திப் பக்கம் சாய்வாக, 5 அங்குல ஆழம். ரோலைச் செங்குத்துச் சுவரோடு ஒட்ட வைத்து, உதடு பாத்திப் பக்கம் நீட்டும்படி வையுங்கள். குழலின் அடிப்பாகம் தரைமட்டத்தில் உட்கார வேண்டும், குழல் மட்டும்தான் வெளியே தெரிய வேண்டும். "காசு கொடுத்து வாங்கியது, கொஞ்சம் தெரியட்டுமே" என்று 2 அங்குலம் மேலே விட்டால் மூன்று கேடு: புல்வெட்டி அதில் முட்டும், வெயில் முழுதும் அதன்மேல் விழும், உள்ளே இறங்கிய ஆழம் 3 அங்குலமாகக் குறையும்.

கூடவே தரும் பிளாஸ்டிக் முளைகளைத் தூக்கிப் போட்டுவிடலாம். சரளையில் முனை மழுங்கும், கரிசலில் பிடிப்பே இருக்காது. 8 எம்எம் முறுக்குக் கம்பியை 12 அங்குலமாக வெட்டி, தலையில் ஒரு அங்குலம் மடக்கிக்கொள்ளுங்கள். பாத்திப் பக்கமிருந்து உதட்டுக்குள் ஓட்டை வழியாக, முனை புல்தரைக்கு அடியில் போகும்படி சாய்த்து அடிக்க வேண்டும். நேர் ஓட்டத்தில் 3 அடிக்கு ஒன்று, வளைவில் ஒன்றரை அடிக்கு ஒன்று. இணைப்புக்குத் தரும் குட்டி இணைப்பானும் தளர்வாகத்தான் இருக்கும். குழலுக்குள் இறுக்கமாக நுழையும் அளவு சொட்டுநீர்க் குழாய்த் துண்டு 8 அங்குலம் எடுத்து, இரண்டு பக்கமும் 4 அங்குலம் செருகினால் அசையாது.

மண்ணைத் திரும்பப் போடும்போது பாத்திப் பக்கம் முதலில், இரண்டு தடவையாக, ஒவ்வொரு தடவையும் கட்டையால் இடித்து. ஒரே மூச்சில் தள்ளி மேலே மிதித்தால் அடியில் பொந்து நிற்கும். முதல் மழையில் அங்கே மண் அமரும், ரோல் சாயும்.

கரிசலில் ஏன் இதையே சொல்கிறோம்? அந்த மண் ஈரத்தில் ஊதும், கோடையில் சுருங்கி விரல் நுழையும் அளவு வெடிக்கும். கல்லோ காங்கிரீட்டோ அந்த இழுப்புக்கு ஈடு கொடுக்காது, பிளாஸ்டிக் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப வரும். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும், எழும்பிய இடங்களை மிதித்துக் கம்பியை இறுக்க வேண்டியிருக்கும். இந்த வேலை வேண்டாம் என்பவருக்குக் கரிசலில் வேறு வழி கிடையாது.

இந்தச் சாமானின் பெரிய எதிரி நைலான் நூல் போட்ட பிரஷ் கட்டர். ஓரப்புல்லை அடிக்கும்போது நூல் குழலில் பட்டால், நாலைந்து தடவையில் குழல் துருவினாற்போல் நார் நாராக எழும்பும். புல்வெட்ட வரும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லி, ஓரத்துக்குக் கைக்கத்தரி கொடுத்துவிடுங்கள்.

கடப்பா பட்டை

அலமாரித் தட்டுக்கும் பரணுக்கும் போடும் அதே கருப்புக் கல்தான். ஆந்திராவின் கடப்பா பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வகை. கல் கடையில் 'ஆறங்குலப் பட்டை' என்று கேட்டால் பலகையை நீளவாக்கில் அறுத்துக் கொடுப்பார்கள். தடிமன் பலகைக்குப் பலகை முக்கால் அங்குலத்துக்கும் ஒரு அங்குலத்துக்கும் நடுவே மாறும். எல்லாப் பட்டையும் ஒரே பலகைக் கட்டிலிருந்து வரும்படி பாருங்கள். இல்லாவிட்டால் சேரும் இடத்தில் படி படியாக நிற்கும். வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளைத் தனியாகக் கேட்டால் விலை குறையும். பூப்பாத்திக்கு 2 அடித் துண்டே வசதி. முக்கால் அங்குலத் தடிமனில் 2 அடித் துண்டு ஏறக்குறைய 5 கிலோ இருக்கும், ஒருத்தரே தூக்கி மட்டம் பார்க்கலாம். 100 அடி ஓட்டத்துக்கு 250 கிலோ, சின்ன லோடு ஆட்டோவில் ஒரு நடை.

கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று: மேல் விளிம்பை மழுக்கித் தரச் சொல்லுங்கள். ரம்பம் அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வெறுங்காலோடு தண்ணீர் விடுகிறவர்களும் ஓடியாடும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அதை அப்படியே நடக்கூடாது.

6 அங்குலத்தில் ஐந்தரை உள்ளே, அரை அங்குலம் மட்டும் வெளியே. பார்க்கக் கஞ்சத்தனமாகத் தெரியும், ஆனால் கணக்கு அதுதான். புல்லை ஒன்றரை அங்குல உயரத்தில் வெட்டினால் புல்வெட்டியின் கத்தி கல்லுக்கு மேலே தாராளமாகப் போகும், சக்கரம் கல்மேலேயே ஓடும், ஓரத்தில் தனியாக அடிக்க ஒரு மயிரளவும் மிஞ்சாது. பாத்திப் பக்கம் மண்ணைக் கல்லின் தலைக்கு 2 அங்குலம் கீழே வையுங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மூடாக்குப் போட்ட தென்னைநார்த் தூளும் சருகும் புல்தரைக்குப் பறக்காமல் இந்த 2 அங்குலம்தான் பிடித்து வைக்கும்.

பதிப்பதற்கு 4 அங்குல அகலம், 8 அங்குல ஆழம் வாய்க்கால். அடியில் இரண்டரை அங்குலம் கிரஷர் தூள் போட்டு நனைத்து இடிக்க வேண்டும். காரணம்பேட்டை பக்கத்துக் கிரஷர்களில் கிடைக்கும் சாதாரணத் தூளே போதும், எம்-சாண்ட் தேவையில்லை. கொத்தனார் நூல் கட்டி, நூலுக்கு ஒட்டினாற்போல் பட்டையை நிறுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். இரும்புச் சுத்தியல் பட்டால் கடப்பா தகடு தகடாக உரியும். துண்டுக்கும் துண்டுக்கும் 3 எம்எம் சந்து விடுங்கள். முட்ட முட்ட வைத்தால் வெயில் சூட்டில் முனை தெறிக்கும்.

செம்மண்ணில் பாத்திப் பக்கம் மட்டும் ஒரு தாங்கல் கொடுக்க வேண்டும்: 3 அங்குல அகலம், 3 அங்குல உயரம், முக்கோணமாக, 1:3:6 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி). அதன் தலை மண்ணுக்கு அடியில் மறைய வேண்டும். 100 அடிக்கு மூன்று கன அடிக் கலவைதான் ஆகும், அரை மூட்டை சிமெண்டில் முடிந்துவிடும். புல்தரைப் பக்கம் கலவை போடக்கூடாது. அங்கே புல்வேருக்கு இடமில்லாமல் ஓரமாக ஒரு மஞ்சள் கோடு விழும்.

கரிசலில் கடப்பாதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் கலவையே போடாதீர்கள். வாய்க்காலை 8 அங்குல அகலமாக்கி, வெட்டிய கரிசலை அப்புறப்படுத்திவிட்டு, அடியிலும் இரண்டு பக்கமும் கிரஷர் தூளே நிரப்புங்கள். மண்ணின் இழுப்பு தூளில் அடங்கும். ஒன்றிரண்டு துண்டு சாய்ந்தாலும் திரும்ப நிமிர்த்தலாம். கலவையோடு சாய்ந்ததை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வளைவுதான் இதற்குப் பலவீனம். 6 அடி ஆரத்துக்கு மேலான வளைவுக்கு 9 அங்குலத் துண்டுகளாக வெட்டி நட்டால் பார்வைக்குக் குறையில்லை. அதைவிட இறுக்கமான வளைவில் பல்லு பல்லாகத் தெரியும். அங்கே ரோலுக்குப் போய்விடுங்கள். இன்னொன்று, சுண்ணாம்புக்கல் ஆனதால் ஆசிட் பட்டால் வெளுத்துச் சொரசொரக்கும். போர்டிகோவைக் கழுவிய ஆசிட் தண்ணீர் அந்தப் பக்கம் வடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரானைட் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளும் இதே வேலைக்கு ஆகும். கல் இன்னும் உறுதி, ஆசிட்டுக்கும் அசையாது. ஆனால் அகலம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. பொறுக்கி எடுக்கப் பொறுமை இருந்தால் லாபம்.

சாய்வுச் செங்கல்

பள்ளிக்கூடம், தாலுக்கா ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன் எங்கும் பார்த்த கோலம்: காவியும் சுண்ணாம்பும் மாறி மாறி அடித்து, பல்வரிசை மாதிரி சாய்த்து நட்ட செங்கல். அந்த ஞாபகத்துக்காகவே பலர் இதைக் கேட்கிறார்கள், அதில் தப்பில்லை. கணக்கு இதோ: 9 அங்குல நீளம், 3 அங்குல கனமுள்ள செங்கல்லை 45 டிகிரி சாய்த்து நட்டால் 10 அடிக்கு 28 கல் ஆகும், உடைசலோடு 30 வாங்குங்கள்.

குறை என்னவென்றால், ஒவ்வொரு இரண்டு கல்லுக்கு நடுவிலும் ஒரு சந்து. அருகுக்கு அது போதும். மேலே முக்கோணப் பள்ளங்களில் புல் முளைத்தால் கத்தரிகூட உள்ளே போகாது, கையால்தான் பிடுங்க வேண்டும். இன்னொரு கேடு தண்ணீரால் வருவது. பல்லடம், அவிநாசி பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். செங்கல் அந்தத் தண்ணீரை அடியில் உறிஞ்சி, வெயில் படும் மேல்பாகத்தில் ஆவியாக விடும். உப்பு அங்கேயே படிகமாக உறையும். முதலில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு கல்லின் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரியும், கடைசியில் விரலால் சுரண்டினால் பொடியாகக் கொட்டும். சரியாக வேகாத நாட்டுச் செங்கல் இதில் சீக்கிரம் போகும். நன்கு வெந்த சேம்பர் கல் தாக்குப்பிடிக்கும். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வரும் கல்லாகப் பார்த்து எடுங்கள்.

செங்கல்தான் வேண்டும் என்றால் சாய்க்காமல், 4½ அங்குல முகம் பாத்தி ஓரமாக வரும்படி செங்குத்தாக நட்டு, மூன்றில் இரண்டு பங்கை மண்ணில் இறக்கி, சந்தில் 1:4 சிமெண்ட் மணல் கலவை பூசுங்கள். அப்படி நட்டால் 10 அடிக்கு 27 கல், செலவு கூடாது. 6 அங்குலம் உள்ளே இறங்கியிருக்கும். 6 அடிக்கு ஒரு சந்தை மட்டும் கலவை இல்லாமல் விடுங்கள், மழைத் தண்ணீர் வடிய வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டையைக் குத்துக்குத்தாக நட்டு ஓரம் கட்டுவார்கள். கைக்காசு செலவில்லை, ஈரம் பிடிக்கும், மட்கியதும் பாத்திக்கே எருவாகும். ஆனால் தென்னை மரத்துண்டைப் படுக்கப் போட்டு ஓரமாக்குவது கூடாது. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பூப்பாத்திக்காகத் தோப்பைக் கெடுத்துக்கொள்வதாகிவிடும். சவுக்குக் கட்டையும் மூங்கிலும் கரையானுக்குத் தீனி. உருட்டுக்கல்லை அடுக்கி வைத்தால் சந்தெல்லாம் தேள் குடியிருக்கும். களை எடுக்கக் கைவிடும் இடம் அது என்பதை மறக்கக்கூடாது.

அரைவட்ட எட்ஜர்

ஓரம் வெட்ட மம்மட்டி ஏன் கூடாது என்று பலர் கேட்கிறார்கள். மம்மட்டி நம் பக்கம் இழுத்து வெட்டும் கருவி, அதன் வெட்டு எப்போதும் வளைந்துதான் வரும், செங்குத்துச் சுவர் கிடைக்காது. அரைவட்ட எட்ஜர் 9 அங்குல அகல அரைவட்டத் தகடு. மேலே காலை வைத்து மிதித்து, இடமும் வலமுமாக ஆட்டினால் நேராக இறங்கும். அடுத்த வெட்டு முந்தின வெட்டின் மேல் 2 அங்குலம் ஏறி விழ வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் சிப்பி சிப்பியாகத் தெரியும்.

கடையில் கிடைப்பவற்றில் தகடு கைப்பிடிக் குழலோடு சேரும் இடத்தில்தான் உடைகிறது. நாலு பொட்டு வெல்டிங் மட்டும் உள்ளதைத் தவிருங்கள், சுற்றிலும் வெல்டிங் ஓடியிருக்க வேண்டும். கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? 3 எம்எம் தகட்டில் செய்து கொடுப்பார்கள், கடையில் வாங்குவதைவிட உறுதியாகவே இருக்கும். மர மில்லில் கழித்த வட்ட ரம்பத் தட்டைப் பாதியாக வெட்டிச் செய்வது இன்னும் நல்லது, கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் அந்த எஃகை வெல்டிங் செய்தால் சூடுபட்ட இடம் நொறுங்கலாகி முறியும். இரண்டு பட்டைக்கு நடுவே வைத்து இரண்டு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். காலை வைக்கும் மேல் விளிம்பில் ஒரு அங்குலப் பட்டை வேண்டும், செருப்பு கிழியாது.

மண்ணின் பதம் பார்க்காமல் எந்த எட்ஜரும் வேலை செய்யாது. செம்மண்ணில் முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு மறுநாள் காலையில் வெட்டுங்கள். காய்ந்த சரளையில் தகடு துள்ளும், சுக்கான்கல்லில் பட்டால் முனை மடங்கும். அந்த இடத்தை முதலில் கடப்பாரையால் உடைத்துவிடுவதே நல்லது. கரிசலில் தண்ணீர் விட்டு மூன்று நாள் பொறுங்கள். ஈரத்தோடு வெட்டினால் சுவர் மெழுகினாற்போல் ஆகி, காய்ந்ததும் பாளமாக உதிரும். பெரிய வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொண்டால் இரண்டு மண்ணும் ஒத்துழைக்கும்.

கோடு போட நேர் ஓட்டத்துக்கு முளையும் நூலும். வளைவுக்குத் தண்ணீர் நிரம்பிய ஹோஸ் பைப்பை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு வளைத்து வையுங்கள், வெறும் பைப்பு திமிறும். வளைவு பிடித்துவிட்டால் அதன் ஓரமாகக் கோலமாவைத் தூவி, பைப்பை எடுத்துவிட்டு, வாசலில் நின்றும் மாடியில் நின்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு வெட்டுங்கள். கீழே நின்றால் சரியாகத் தெரிகிற வளைவு மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடிந்த மாதிரி இருக்கும்.

எந்தச் சாமானும் வைக்காமல், 4 அங்குல ஆழச் செங்குத்து வெட்டை மட்டும் வைத்தே காலம் தள்ளலாம். செம்மண்ணில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திருத்தினால் போதும், மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை. கரிசலில் இது நிற்காது.

கோரைக்கு மட்டும் இங்கே சொன்ன எதுவும் தடையில்லை. அதன் கிழங்கு ஓரத்துக்கு அடியிலும் இருக்கும், அதன் முளை ஊசி மாதிரி வந்து மல்ச்சிங் ஷீட்டையே குத்திக்கொண்டு வெளியே தலைநீட்டும். பாத்தியில் கோரை இருக்கிறது என்றால், ஓரச் சாமான் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். மண்ணை ஒரு அடி ஆழம் கொத்தி, கிழங்கைப் பொறுக்கி, தண்ணீர் விட்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி முளைத்ததைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். இப்படி மூன்று சுற்று முடிந்த பிறகு ரோலோ கல்லோ வாங்கப் போகலாம்.